ஒற்றைக் கோட்டை நம்பாத இரண்டு நாட்கள்

ஒமைக்ரான் பரவிய அந்த ஜனவரியில், என் தங்கைக்குச் சிறுநீரக மாற்று அறுவை முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தாள். அவள் வீடு முத்தாபுதுப்பேட்டையில். அம்மா துணைக்கு இருந்தார்.

அவள் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் தரப் பரிசோதகர். தொண்டை கரகரத்ததால் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், பக்கத்திலிருந்த என் பிளாட்டுக்கு வந்தார். மருந்துக் கடையில் கொரோனா சோதனைக் கிட் வாங்கி, மூக்கில் குச்சி விட்டு, பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். ஒரே கோடு. நெகட்டிவ்.

அவர் பையைத் தோளில் மாட்டினார்.

“நாளைக்கு அவளுக்கு செக்கப் கீது மச்சான். கூட்டிகினு போவணும்.”

“போக வேணாம் மாப்ள.”

“இன்னா மச்சான், பேப்பர்ல போட்ற மாதிரியே பயம் காட்ற? இது நம்ம கோ-நோகோ கேஜ் மாதிரி. ஒண்ணு பாஸு, இல்லன்னா ரிஜெக்ட்டு. நடுவுல கதையே கெடையாது.”

அந்தக் கேஜை அவர் பட்டறையில் பார்த்திருக்கிறேன். அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. அவ்வளவுதான் சோதனை.

நான் வேலை செய்யும் நாளிதழுக்காக அந்த வாரம் இந்தக் கிட்டுகளைப் பற்றிய செய்தியைத் திருத்தியிருந்தேன். பெரும்பாலான கிட்டுகள் தேடுவது வைரஸின் உள்ளே இருக்கும் புரதத்தை. புதிய திரிபின் மாற்றங்களோ அதிகமும் வெளியே உள்ள முட்களில். ஆகவே கிட் வீணாகிவிடவில்லை. ஆனால் பலருக்கு, மூக்கில் போதுமான வைரஸ் சேருவதற்கு முன்பே தொண்டை வலித்தது. முதல் நாள் நெகட்டிவை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

“கஸ்டமர் டிராயிங்கை மாத்திட்டா, பழைய கேஜ்ல பாத்து பார்ட்டை அனுப்பிடுவீங்களா?”

“கேஜ செக் பண்ணாம எவன் அனுப்புவான்?”

“வைரஸும் டிராயிங்கை மாத்திடுச்சு மாப்ள. இப்ப தொண்டை முதல்ல வலிக்குது, கோடு அப்புறம்தான் வருது; ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம்.”

பையை இறக்கினார். “உன்னாண்ட பேசி ஜெயிக்க முடியாது.”

ஆய்வகத்திலும் மாதிரி கொடுத்தோம். கூட்டம் அதிகம், முடிவு தாமதமாகும் என்றார்கள். தங்கையைச் செக்கப்புக்கு அம்மா ஆட்டோவில் அழைத்துப் போனார். நாங்கள் முகக்கவசத்தோடு ஆளுக்கொரு அறையில் இருந்தோம்.

இரண்டு நாள் கழித்து, ஆய்வக முடிவு வருவதற்குள், இன்னொரு கிட். அதற்குள் தொண்டை சரியாகியிருந்தது. கிட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முதல் கோட்டுக்குக் கீழே வெளிறிய இன்னொன்று.

“டாலரன்ஸ்ல வுட்ரலாமா மச்சான்?”

பட்டறையில், அளவு சற்றுப் பிசகினாலும் ஏற்றுக்கொள்ளும் வரம்பு அது. அவரே தங்கையை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“ரெண்டாவது கோடு லேசா கீது.”

“லேசு இன்னா லேசு? கோடு கீதா இல்லியா?”

“கீது.”

“அப்ப அங்கியே கெட. இந்தப் பக்கம் வந்தே, கதவத் தொறக்க மாட்டேன்.”

அன்றே பட்டறைக்கும் போன் செய்து லீவு சொன்னார். அவரும் நானும் அடுத்த பத்து நாள் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போகவில்லை. தங்கைக்குத் தொற்று வரவில்லை.