சீருடையோடு பள்ளிவாசலில் இருந்தாள்

உயர்நிலைப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் நஸ்ரின் வகுப்புக்கு வரவில்லை என்று ஒரு காலை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. சீருடை போட்டுத்தானே கிளம்பினாள்!

சற்று நேரத்தில், பள்ளிவாசலில் அவளுக்குக் குர்ஆன் வகுப்பெடுக்கும் ஆசிரியை அழைத்தார். "நஸ்ரின் இங்கதான் இருக்கா சிஸ்டர். வந்ததும் திட்டாதீங்க லா."

ஓடினேன். பெண்கள் தொழும் இடத்தில் அழுதுகொண்டிருந்தாள். "கணக்கு புரியல உம்மா. கேட்டா கிளாஸ்ல சிரிக்கிறாங்க."

"படிக்கிறதும் அல்லாஹ்வுக்குச் செய்யுற வணக்கம்தான். கேட்க வெட்கப்படாதே," என்ற ஆசிரியை, எங்களோடு பள்ளிக்கூடத்துக்கே வந்து பேசினார். பள்ளிவாசல் டியூஷனிலும் சேர்த்துவிட்டார்.

நஸ்ரின் இப்போது ஒழுங்காகப் போகிறாள், அல்ஹம்துலில்லாஹ். நானும் முன்போல் மதிப்பெண்ணை விசாரிப்பதில்லை. "இன்னிக்கு எது புரியல?" என்று கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்து அவள் பக்கத்தில் உட்காருகிறேன். அந்த ஆசிரியைக்காகத் தினமும் துஆ செய்கிறேன்.

– ரஹ்மத் நிஷா, உட்லண்ட்ஸ்