ஏழாவது மூடியில் விரிசல்

நகரத்தின் பாதாளச் சாக்கடைக்கு நாலாயிரத்துச் சொச்சம் இரும்பு மூடிகள். அவற்றைத் தட்டிப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. கையில் ஒரு கம்பியோடு தெருத்தெருவாக நடப்பார். மூடிக்கு மூன்று தட்டு. டங் என்றால் மூடி நலம். டொக் என்றால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும். இருபத்தாறு வருடம் இதையே செய்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? டங்டொக் என்றுதான் வைத்தார்கள். சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்தக் கை சும்மா இருக்கும் கை அல்ல. கல்யாணப் பேச்சுக்காகப் பெண் வீட்டுக்கு முதல்முதலாகப் போனபோதே சுவரைத் தட்டி, பூச்சுக்கு உள்ளே பொள்ளல் என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு சாண் பூச்சு உதிர்ந்து, பெண்ணின் அப்பா கையிலிருந்த தேநீரில் விழுந்தது. பெண் சிரித்துவிட்டாள், கல்யாணம் நடந்தது. அப்பா சிரிக்கவில்லை. இருபது வருடமாக மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் மகள் வழியாகத்தான் வரும், மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும்.

மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வண்டி உறுமும்போதே எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று பணிமனையில் பேர் வாங்கியவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஜென்மம் இல்லை. தினமும் காலை ஏழு மணிக்குத் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்ச் செய்தித்தாள் வாங்கி வருவார். ஒரு வரி தெரியாவிட்டாலும், அதைப் பிரித்து வைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுவதில் மட்டும் பிழை வராது. யாராவது கையைப் பிடிக்க வந்தால், அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியவனுக்கு ஓட்டுநர் வேண்டாம் என்று உதறிவிடுவார். அப்பாவுக்குக் கண் பரவாயில்லை என்றே மகளும் நம்பினாள்.

டங்டொக்குக்கு மட்டும் குட்டு தெரியும். கிழவர் நடுத்தெருவில் நடப்பது திமிரால் அல்ல. மெல்லிய ரப்பர் செருப்பின் அடியில் மூடிகளைத் தடவிக்கொண்டு போகிறார். ஒரு மூடி, நாற்பது எட்டு, அடுத்த மூடி. வளைவில் இருக்கும் மூடியைக் கால் உணர்ந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இதை வெளியே சொன்னால் மனுஷன் செத்தே போவார் என்று டங்டொக் வாயைத் திறக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாநகராட்சிக்குக் கலை ஆர்வம் பிறந்தது. ரவுண்டானாவில் ஒரு சிற்பம் வைக்க முடிவாகி, பழைய குழாய், விளக்குக் கம்பம், உடைந்த நடைபாதைக் கல் இவற்றால் சிற்பம் செய்யும் அம்மாள் ஒருவர் வரவழைக்கப்பட்டார். சிற்பத்தின் பெயர் ‘நகரத்தின் முதுகெலும்பு’. கழித்துக்கட்டிய சாக்கடை மூடிகள் பன்னிரண்டை எலும்புக் கண்ணிகளாக இடைவெளி விட்டு ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, பேருந்துக் கைப்பிடிக் கம்பிகளை விலாவாக வளைத்துவிட்டார்.

திறப்பு விழாவன்று கூட்டம் கலைந்ததும் டங்டொக் வழக்கம்போலத் தட்டிப் பார்த்தார். டொக், டொக், டொக் என்றே போனது. கீழிருந்து ஏழாவது மட்டும், டங். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அது அவர் தெரு வளைவின் மூடி.

நடந்தது இதுதான். கிடங்கில் இருந்த கழிவு மூடிகள் பதினொன்று. கேட்டதோ பன்னிரண்டு. லாரிக்காரர்கள் வழியிலிருந்த தெருவில் ஒன்றைப் பெயர்த்துப் போட்டுக்கொண்டு, குழியின் மேல் ஒரு ஒட்டுப்பலகையை வைத்துச் சிவப்புத் துணியும் கட்டிவிட்டார்கள். சிவப்புத் துணி கண்ணுள்ளவனுக்கு. குழியோ பன்னிரண்டடி ஆழம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டங்டொக் பலகைக்கு முன்னால் போய் நின்றார். மாமனார் வந்து அவர் மேல் மோதினார். "யாருய்யா அது, நடு ரோட்டுல?" என்று அதட்டிவிட்டு இடப்பக்கம் திரும்பிப் போனார். கடையிலிருந்து திரும்பும்போதும் அதே மோதல், அதே அதட்டல். அன்று முதல் இது தினசரி நிகழ்ச்சியானது. டங்டொக் மூச்சு விடாமல் நின்று வாங்கிக்கொள்வார்.

வேறு மூடி கேட்டுக் கிடங்கு அதிகாரியிடம் போனார். பழைய மூடி தொலைந்திருந்தால் அல்லது உடைந்திருந்தால் மட்டுமே புதிது என்பது விதி.

"மூடி காணாமப் போச்சா?"

"இல்ல சார், ரவுண்டானாவுல இருக்கு."

"உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"நல்லாவும் இருக்கு, இருக்குற இடமும் தெரியுது. ஒரு மூடி வேற எப்படிய்யா இருக்கணும்?"

சிற்பி அம்மாளிடம் போனார். தங்கமான மனுஷி, உட்காரச் சொல்லி, முழுதும் கேட்டு, கண்கூடக் கலங்கினார். ஆனால் ஒரு கண்ணியை உருவினால் முதுகெலும்பே சரிந்துவிடும் என்றார். குழியை வேறு இடத்துக்கு மாற்ற முடியாதா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பலகை ஊறி, நடுவில் தொய்ந்தது. டங்டொக் தட்டிப் பார்த்தார், சத்தமே வரவில்லை. மேயர் வீட்டு வாசல் மூடியையே டொக் என்று எழுதியவர் அவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு தட்டைக்கூட மாற்றி எழுதியதில்லை. அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து, ‘சிற்பத்தின் ஏழாவது மூடி: டொக். விரிசல்’ என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருடிவிட்டு வந்தவர் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். மறுநாள் மதியத்துக்குள் குழிக்குப் புது மூடி வந்தது.

சான்றின் நகல் ஒன்று விதிப்படி சிற்பிக்கும் போனது. அந்த அம்மாளுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. பதினொரு காயங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் காயமில்லாமல் இருப்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்ததாம். செய்தி பரவியது. விரிசலைக் கேட்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஏழாவது மூடி டங் என்று கோயில் மணி போல ஒலிக்கும். எல்லோரும் கண்ணை மூடி, "கேக்குது, விரிசல் நல்லா கேக்குது" என்பார்கள். விரிசல் மிக ஆழமாகப் போனதால்தான் முழு மூடி போலக் கேட்கிறது என்று ஒரு விமர்சகர் அரைப் பக்கம் எழுதினார்.

கெடுத்தவர் தலைமைப் பொறியாளர். அவருக்கு அது டங் என்றே கேட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் சோதனை. சான்று பொய்யானால் புது மூடியைக் கழற்றிக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மகள் அதைக் கணவருக்குச் செய்தித்தாளிலிருந்து படித்துக் காட்டினாள். பக்கத்திலிருந்த மாமனார் அன்று அரசாங்கத்தைக்கூடத் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை ரவுண்டானா நிரம்பியது. பொறியாளர் தட்டினார். டங். டங் என்றார் அவர். டொக் என்றது கூட்டம். நடுநிலையான காது ஒன்று வேண்டும் என்றானது. அப்போது மகளின் கையை உதறிவிட்டு மாமனார் முன்னால் வந்தார். இவர் யார் என்று பொறியாளர் கேட்டார். டங்டொக்கின் மாமனார், மாப்பிள்ளையோடு இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, இவரைவிட நடுநிலையான ஆள் ஊரில் கிடைக்க மாட்டார் என்று கிடங்கு அதிகாரி சாட்சி சொன்னார். பணிமனையில் வாங்கிய பேரும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. எந்தக் காதை ஏமாற்றினாலும் அந்தக் காதை ஏமாற்ற முடியாது.

கிழவர் கம்பியை வாங்கித் தட்டினார். டங். மறுபடி தட்டினார். பிறகு உள்ளங்கையால் மூடியை மெல்லத் தடவினார். மேலிருந்த கட்டங்களை, தேய்ந்த ஓரத்தை, ஒவ்வொன்றாக. வருடக்கணக்காகத் தினமும் மிதித்த இரும்பு. கை ஓரிடத்தில் நின்றது.

"டொக்," என்றார். "விரிசல்தான். எங்க மாப்பிள்ளை காது தப்பாது."

கூட்டம் கைதட்டியது. பொறியாளர் தன் காதைக் குடைந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். மகள் சிற்பி அம்மாளிடம் சிக்கிக்கொள்ள, மாமனும் மாப்பிள்ளையும் மட்டும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"மழையில அந்த ஆள் தினமும் நின்னான்," என்றார் மாமனார், யாரிடமோ சொல்வது போல. "ஒரு திட்டுக்குக்கூடப் பதில் சொல்லல."

டங்டொக் கம்பியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல, மாப்பிள்ளை. உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன் மாமா."

பெரிய சாலையைக் கடக்கும் இடம் வந்தது. கிழவர் கையை நீட்டினார். டங்டொக் பிடித்துக்கொண்டார்.