அட்டையில் ஏறிய பூஜ்யங்கள்

மாவுக்கட்டுப் போட்ட அன்று மாலையே பெருவிரலுக்குள் ஓர் எரிச்சல் தொடங்கியது. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தால் எரியுமே, அப்படி. கட்டு இறுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலைதான் விழுந்திருந்தேன். மஞ்சூருக்கு மேலே எங்கள் தோட்டத்தில், மழை விட்டதும் இலை பறிக்கப் போனபோது கானில் (செடி வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் வாய்க்கால்) வழுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் போட்டது போட்டபடி ஓடி வந்தார். ஜீப்பில் கிடத்தி ஊட்டிக்குக் கொண்டு போனார்கள். வீக்கம் வடியட்டும், இரண்டு நாளில் கம்பி வைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

கால் முறிவதெல்லாம் எங்கள் வேலையில் நடக்கிறதுதான். அதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. மறுநாள் மதியம் வரை என் வாயில் இருந்து வந்த பொய்யை எழுத வேண்டும். நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. நீங்கள் கட்டிலில் கிடக்கிறவராக இருக்கலாம், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவராக இருக்கலாம். படித்து வையுங்கள்.

வார்டில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து வலிக்கு எண் கேட்பார். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. நாம் சொல்கிற எண்ணைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் எழுதுவார். எண் ஏறினால் மாத்திரை, இன்னும் ஏறினால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். வலி எதையோ சொல்ல வருகிறது, அது டாக்டர் காது வரை போய்ச் சேரத்தான் இந்த ஏற்பாடு. இது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

நாங்கள் ஒரு சின்ன ஜெப சபையைச் சேர்ந்தவர்கள். இலங்கைத் தோட்டத்தில் இருந்து வந்த என் அப்பா காலத்திலேயே அதில் சேர்ந்துவிட்டோம். எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. நோயை வாயால் அறிக்கை செய்யக் கூடாது. சுகமாகிவிட்டேன் என்று விசுவாசத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும், சுகம் பின்னால் வரும். காய்ச்சலில் கொதிக்கிறவரை விசாரித்தாலும் "சுகமா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்றுதான் பதில் வரும். நானும் இருபது வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தேன். சாதாரணத் தலைவலி, இடுப்புவலிக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அன்று மாலை சாராள் அக்கா நான்கு பேரோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பெண்கள் ஜெபத்தை நடத்துகிறவர் அவர். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் முடித்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு சின்ன வயது நர்ஸ் அட்டையோடு வந்தார்.

"அக்கா, வலி பத்துக்கு எத்தனைங்க?"

ஐந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள். விரலில் இருந்த எரிச்சல் அதற்குள் கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது.

"பூஜ்யமுங்க சிஸ்டர்."

"பூஜ்யமா? கால் ரெண்டா முறிஞ்சு கெடக்குது!"

"எழுதிக்க கண்ணு," என்றார் சாராள் அக்கா. "எங்க ஆண்டவர் பாஸ் மார்க் வாங்கிக் குடுக்கற ஆளில்ல. குடுத்தா முழுசாத்தான் குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்துக்கொண்டே எழுதினார். முறிந்த காலுக்குப் பூஜ்யம் எப்படி வரும் என்று கட்டைத் தொட்டாவது பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இரவில் இரண்டு முறை அட்டையில் பூஜ்யம் ஏறியது. இரண்டு முறையும் என்னை யாரும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழித்துத்தான் கிடந்தேன். அட்டையை எடுக்கிற சத்தமும் வைக்கிற சத்தமும் கேட்டன. அவ்வளவுதான்.

காலையில் வலியின் குணமே மாறிவிட்டது. முறிந்த எலும்பு வலிப்பது எனக்குத் தெரியும். அசைத்தால் குத்தும், அசையாமல் இருந்தால் கொஞ்சம் அடங்கும். இது அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஒன்றுபோல உள்ளே இருந்து தள்ளியது. கால் முழுக்கக் கட்டுக்குள் ஊதி, வெடிக்க இடம் தேடுவது போல. விரல்கள் பளபளவென்று வீங்கியிருந்தன.

"வெரலெல்லாம் ஊதிப்போச்சு, சிஸ்டர்கிட்டச் சொல்லட்டுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அவிசுவாசமாப் பேசாதீங்க" என்று அவர் வாயை அடைத்தேன். ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நர்ஸ் கேட்டபோது பூஜ்யம் என்றே சொன்னேன்.

வீட்டுக்காரர் மனசு கேட்காமல் அந்தப் பத்து மணி நர்ஸிடம் சொன்னார்: "ராத்திரி பூராத் தூங்கலைங்க இவ."

"அவங்களே பூஜ்யங்கறாங்க. உங்களுக்கு எங்கீங்க வலிக்குது?"

அவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த கட்டிலில் வள்ளி இருந்தாள். ஊட்டியிலேயே பெர்ன்ஹில் பக்கம் ஒரு வீட்டில் சமையல் வேலை. கொதிக்கிற எண்ணெய் தொடையில் கொட்டிவிட்டது. அவள் வலியை ஒளித்து வைக்கிறவள் இல்லை. ஒன்பது என்று நேராகச் சொன்னாள், ஊசி கேட்டாள்.

நர்ஸ் என் கட்டிலைக் காட்டினார். "ஏனுங்க வள்ளி, எலும்பு ஒடைஞ்சவங்க பூஜ்யங்கறாங்க. உங்களுக்குத் தோல் வெந்ததுக்கு ஒம்பதா?"

"அவுங்களுக்குச் சாமி இருக்குதுங்க. எனக்கு ஊசிதானுங்க இருக்குது."

வார்டே சிரித்தது. அவளுக்கு ஊசி கிடைக்கவில்லை, ஒரு மாத்திரைதான் கிடைத்தது. அவள் போர்வையை வாயில் கவ்விக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போது உள்ளுக்குள் ஓர் இனிப்பு ஊறியது. என்னை உதாரணமாகக் காட்டுகிறார்கள், என் சாட்சி இந்த வார்டில் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கால் செத்துக்கொண்டிருந்தது, நான் சந்தோஷப்பட்டேன். எழுதும்போது என் வாயை நானே கழுவ வேண்டும் போல் இருக்கிறது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. ஷைலா சிஸ்டர் வந்தார். கூடலூர்ப் பக்கத்து மலையாளி, ஐம்பதை ஒட்டிய வயது. அட்டையைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், எண் கேட்கவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தார்.

"கட்டில் எங்கயும் ஓடிப்போகாது சேச்சி. கைய விடுங்க."

விட முடியவில்லை. சிரிக்கப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. நெற்றியைத் தொட்டார், ஈரமாக இருந்தது. கால் நகத்தை அழுத்தி விட்டு, ரத்தம் திரும்ப வருகிறதா என்று குனிந்து பார்த்தார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பஞ்சால் தடவினார்.

"தெரியுதா?"

தெரியவில்லை. அதன்பின் பெருவிரலைப் பிடித்து மெதுவாக மேல்பக்கம் வளைத்தார். நான் அலறினேன். இருபது வருட அறிக்கையும் அந்த அலறலில் போய்விட்டது. வள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நம்பர் வேண்டாம்," என்றார் சிஸ்டர். "பிரசவ வலி தெரியுமில்ல? அதுக்கு மேலயா, கீழயா?"

"மேல."

"எப்போ முதல்?"

"நேத்து சாயந்திரம்."

அவர் மறுபடி அட்டையைப் பார்த்தார். ஐந்து பூஜ்யங்கள் வரிசையாக இருந்தன. அழுகினதை மோந்தது போல அவர் முகம் சுருங்கியது. "ச்சே" என்றார். என்னைச் சொன்னாரா, எழுதியவர்களைச் சொன்னாரா தெரியாது. எல்லோருக்கும் அது பொருந்தும்.

ஓடிப்போய் டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் வருவதற்குள், போனில் அவர் சொன்னபடி கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிரித்தார். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (அடிபட்ட சதை உறைக்குள்ளேயே வீங்கி, தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்வது) என்றார் டாக்டர். எலும்பு முறிவுக்கு மீறின வலிதான் இதற்கு முதல் அடையாளமாம். சில மணி நேரத்துக்குள் திறந்துவிட்டால் சதை பிழைக்கும், தாமதித்தால் சாகும். நான்கு மணிக்கு என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போனார்கள்.

காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்தே விட்டார்கள். கால் போகவில்லை. ஆனால் முன்பக்கச் சதை போய்விட்டது. செத்ததை இரண்டு முறை வெட்டி எடுத்தார்கள். கட்டு மாற்றும்போது வருகிற நாற்றத்தை எப்படி எழுதுவேன்? சாக்கில் கட்டி மழையில் மறந்துபோன பச்சை இலை, சூடேறிப் புளித்து அழுகுமே, அந்த நாற்றம். அது என் உடம்பில் இருந்து வந்தது. என் வீட்டுக்காரர் ஒருமுறை வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி வந்து மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வலியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அந்த நாட்களில் ஷைலா சிஸ்டரிடம்தான் கண்டேன். கட்டு மாற்ற அரைமணி நேரம் முன்பே ஊசி போடுவார். எங்கே, எப்படி, எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்பார். முக்கியமானது, ஊசி போட்டபின் திரும்பி வந்து மறுபடி கேட்பார். "மருந்து கொடுத்துட்டுத் திரும்ப வந்து கேக்காம போனா, பாதி வேலைதான் செஞ்சிருக்கேன்" என்பார். வள்ளி ஒன்பது என்றால் ஒன்பது என்றே எழுதினார். அவளுக்கும் ஊசி கிடைத்தது.

நான் வள்ளியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கக்கா," என்றாள். "அன்னிக்கு உங்க பூஜ்யத்துல என் ஊசி போச்சு. இப்ப நீங்க கத்தற கத்துல என் தூக்கம் போகுதுங்க. உங்களால எனக்கு எப்பவும் நஷ்டந்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்கு அனுப்பும் முன் டாக்டர் ஊசி முனையால் பாதத்தின் மேல்புறம் குத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வலிக்கிற இடம் உயிரோடிருக்கிற இடம். அந்த இடத்தை நான் பேசவிடாமல் செய்தேன்.

ஆண்டவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையும் மாலையும் முழங்கால் மடக்க முடியாமல் உட்கார்ந்தபடியே ஜெபிக்கிறேன். சிலுவையில் அவரே தம் வேதனையை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டாரே, அவரைவிடப் பெரிய விசுவாசியாகக் காட்டிக்கொள்ள நான் யார்? நான் அறிக்கை செய்தது அவருக்கு முன்னால் இல்லை, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஐந்து பேருக்கு முன்னால்.

நான்கு மாதம் கழித்துச் சபைக்குப் போனேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை எல்லோர் முன்பும் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். ஊன்றுகோலோடு எழுந்து, நடந்ததை இங்கே எழுதிய மாதிரியே சொன்னேன். பூஜ்யம், வள்ளி, நாற்றம் எல்லாம்.

சாராள் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "கால் மிஞ்சுச்சே, அதச் சொல்லு கண்ணு. ஜனங்க பெலப்படற மாதிரிச் சொல்லு."

"மிஞ்சுச்சுங்கக்கா, ஸ்தோத்திரம். வலியச் சொல்லியிருந்தா பாதத்துல உசிரும் மிஞ்சியிருக்கும். நம்ம சபையில இனி யாராச்சும் ஆஸ்பத்திரியில படுத்தா, நர்ஸு கேக்கறப்போ நெசத்தச் சொல்லணும். அதுக்காகத்தான் எந்திரிச்சேன்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு பெண், அடுத்த வாரம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போகிறவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்ததும் வந்து காதோடு கேட்டாள்: "நெசமாவே சொல்லலாமுங்களா?" சொல் என்றேன். திருப்பித் திருப்பிச் சொல், அவர்கள் எழுதுகிறவரை சொல் என்றேன்.

அந்தப் பூஜ்யங்கள் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பு இன்னும் குறையவில்லை. குறைய வேண்டாம் என்றே ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வலது பாதம் இப்போது தானாக மேலே எழும்பாது. பிளாஸ்டிக் தாங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன். தரையைத் தொட்டது பாதத்துக்குத் தெரியாது. குனிந்து பார்த்து, வைத்தாயிற்று என்று கண் சொன்ன பிறகே மற்றக் காலை எடுக்கிறேன். இலைக் கூடையோடு சரிவில் ஓடினவளுக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்பு) வீட்டில் இருந்து குழாயடி போய்ச் சேர்வதே ஒரு காலைப் பொழுதாகிவிட்டது. அவசரம் என்ற ஒன்று என் உடம்பில் இல்லை. ஓர் அடி, பிறகு பார்ப்பது, பிறகு இன்னோர் அடி. முட்டிக்குக் கீழே சதை பிழைத்த இடத்தில் குளிர் ஏறினால் சுருக்கென்று வலிக்கிறது. உடனே நின்று, பக்கத்தில் யார் இருந்தாலும் சத்தமாகச் சொல்கிறேன்: வலிக்குது.