தோர்டி என்று சொன்னவள் பேர்

முந்நூற்றுப் பதினெட்டுச் சீட்டுகள். ஷார்ட்ஸ்தால் பள்ளத்தாக்கில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் குன்வோர், தலைநகரத்து அகராதிக்காகப் பதினோரு வருஷமாகக் காசு வாங்காமல் எழுதி அனுப்பியவை. எல்லாம் ஒரே சொல்லைப் பற்றி: ‘துணிவது’ என்ற துணைவினை. பழைய நார்ஸ் மொழியில் தோரா. இன்றைக்கு நடந்தால் தோர், நேற்று நடந்திருந்தால் தோர்டே. ஷார்ட்ஸ்தாலில் மட்டும் பழைய மொழியின் இகர வால் அறுபடாமல், தோர்டி. ஆனால் பென்சிலைக் கண்டதும் எல்லோரும் பள்ளிக்கூடத்துத் தோர்டேக்கு மாறிவிடுவார்கள். தன்னை மறந்து பேசினால்தான் தோர்டி வரும். அதற்குச் சாட்சி ஒரே ஒரு சீட்டு.

1958 மார்ச்சில் அந்தச் சீட்டு திரும்பி வந்தது. சொன்னது யார், எந்தப் பண்ணை என்று தெரியாமல் சேர்க்க முடியாதாம். ஓரத்தில் பதிப்பாசிரியரின் கையெழுத்து: ‘டெலிபோன்காரியின் கற்பனையோ?’

குன்வோருக்கு உச்சி கொதித்தது. இதே சீட்டை ஒரு வாத்தியார் அனுப்பியிருந்தால் கேட்டிருப்பாரா? ஆனால் பேரை எழுத வழியில்லை. அதைக் கேட்டது டெலிபோனில். கேட்டதை வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் வேலையில் சேர்ந்திருந்தாள்.

பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு மேட்டுப் பண்ணைக்கே போனாள். மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அஸ்பியோர்க்கிடம், தோர்டி என்று சொன்னவளிடம், நடந்ததைச் சொல்லி, பேர் போட அனுமதி கேட்டாள்.

“நான் என்ன சொன்னேன்? படி.”

குன்வோர் படித்தாள். ‘நேத்து அவன் குடிச்சிட்டு வந்தப்ப வீட்டுக்குள்ள போகவே தோர்டி இல்ல.’ புருஷனைப் பற்றி அக்காவிடம் அழுதபடி சொன்னது.

அஸ்பியோர்க் வாளியைத் தள்ளி வைத்தாள். “எப்போ கேட்ட?”

மூன்று வருஷத்துக்கு முன்பு.

“மூணு வருஷம். கடையில பாத்தே, சர்ச்சுல பக்கத்துல உக்காந்தே. ‘அடிக்கறானா’ன்னு ஒரு வார்த்தை கேட்டியாடி? வினைச்சொல்லப் பொறுக்கிட்டுப் போயிட்டே.”

 குன்வோர் பதிப்பாசிரியர்மேல் கொண்டுவந்த கோபம் கொட்டகை வாசலோடு நின்றுபோயிருந்தது.

“போடு என் பேரை. அவன் பேரையும் போடு. அவன் என்ன, அகராதியா படிக்கப் போறான்?”

அன்றைக்கே சீட்டு தபாலில் போயிற்று, இருவர் பெயரோடும். ‘எங்கே கேட்டது’ என்ற இடத்தில் குன்வோர் ‘டெலிபோனில்’ என்று எழுதினாள். சத்தியத்தை மீறிவிட்டேன் என்று சேர்த்து, அதே வரியை டெலிபோன் இலாகாவுக்கும் தன் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

விசாரணை அதிகாரி வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறார்.