தடுப்பைத் தாண்டிப் பத்து அடி

இது நடந்தது. நடந்ததில் ஒரு நூல்கூட நான் சேர்க்கவில்லை. சொன்னவள் எங்கள் தெருத் தையல்காரி. 'பாபின் அக்கா' என்றால்தான் யாருக்கும் தெரியும். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பிறந்தவள் போல இருப்பாள். அரை அங்குலம் கூட்டிச் சொல்ல அவளுக்கு வராது. அவள் சொன்ன நேரமும் அடிக்கணக்கும் அப்படியே இதோ.

அன்று காலை மணி ஐந்து ஐம்பத்திரண்டு. நெடுஞ்சாலையில் பனி. நீட்டிய கை தெரியாத பனி. பாபின் அக்கா காரை மெல்ல ஓட்டிக்கொண்டு போனாள். பின் சீட்டில் அவள் கணவர். எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்கள்.

கார் இரண்டு முறை இருமியது. அவள் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். இரும்புத் தடுப்பை உரசினாற்போல் வந்து நின்றுவிட்டது.

"ஏங்க, நின்னுடுச்சு."

"ஒரு வீட்டுல எத்தனை பேருதான் படுத்துக்கிறது!" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு மூலை விளக்குகளையும் மினுக்கவிட்டாள். ஒரு நிமிடம் மினுங்கின. அப்புறம் அதுவும் போயிற்று. டிக்கியைத் திறந்தாள். எச்சரிக்கைக்கு வைக்கும் சிவப்பு முக்கோணத்தைக் காணோம். ஒயர் சுருள்தான் இருந்தது.

"முக்கோணம் எங்க?"

"ஒயர் வைக்க இடம் பத்தலைன்னு வீட்டுல எடுத்து வச்சேன்..."

"நல்லா வச்சீங்க போங்க!"

ஐந்து ஐம்பத்தெட்டு. சாலை உதவி எண்ணுக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், கார்ல இருக்காதீங்க. பின்னாடி வர்ற லாரிக்கு உங்க வண்டி தெரியவே தெரியாது. ரெண்டு பேரும் இறங்கித் தடுப்பைத் தாண்டிடுங்க. தடுப்புல சாயாதீங்க. பத்து அடி தள்ளி நில்லுங்க. எங்க ரோந்து வண்டி கிளம்பிடுச்சு."

"அவருக்குக் கால்ல கட்டு..."

"இழுத்துட்டாவது போங்க மேடம். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பக்கம் தரை இருக்கான்னு பாத்துக்கோங்க. பாலம்னா தாண்டவே கூடாது."

பாபின் அக்கா தடுப்பின் மேல் குனிந்து பார்த்தாள். வெள்ளை. வெறும் வெள்ளை. கையை நீட்டித் துழாவினாள். எதுவும் படவில்லை.

"தரை இருக்கு" என்றது ஒரு குரல்.

தூக்கிவாரிப் போட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்றிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெண், ஒரு கிழவர், பத்து வயதில் ஒரு சிறுமி. நான்கு பேர்.

"உங்க காரும் நின்னுடுச்சாண்ணே?"

"ஆமாம்மா. ரொம்ப நாழியாச்சு."

அவர்கள் காரை அவள் வழியில் பார்க்கவில்லை. ஆனால் பனியில் என்னதான் தெரிந்தது? போனில் "தரை இருக்காம்" என்றாள். "சீக்கிரம் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

பின் கதவைத் திறந்து கணவரின் அக்குளில் கை கொடுத்தாள். அவர் எழுபத்தெட்டுக் கிலோ. அவள் நாற்பத்தாறு.

"நீ போ. நான் இங்கயே கிடக்கேன்."

"வாயை மூடிட்டுக் கையைப் போடுங்க."

"சொன்னாக் கேளு. உன்னால முடியாது..."

தூரத்தில் ஹாரன். நீளமாக. லாரி ஹாரன்.

"நீங்க வரலேன்னா நானும் கார்லயே உக்காந்துக்குவேன். எது வசதி?"

அவர் கையைப் போட்டார்.

இழுத்தாள். அவர் அலறினார். அவள் விடவில்லை. மாவுக்கட்டு கதவில் மோதியது. அழுதுகொண்டே இழுத்தாள். தடுப்பின் மேல் அவரைச் சாய்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து எட்டுக் கைகள் அவரை வாங்கிக்கொண்டன. அவளும் தாண்டினாள். ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

ஐஸ்.

பத்து அடி. அவள் எண்ணினாள். ஒன்று... இரண்டு... காலடிச் சத்தம் கேட்கவில்லை. தரை மெத்தென்று இருந்தது. புல்லா? புல்லில்லை. மண்ணும் இல்லை.

பத்து.

கணவரை உட்கார வைத்தாள். தரை லேசாக ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. தனக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பனியில் அவள் தலை நனைந்து சொட்டியது. அந்தச் சிறுமியின் தலை காய்ந்திருந்தது.

கணவர் குனிந்து எதையோ பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார். அவள் கையை இறுக்கினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. என்னை மட்டும் பாரு."

"ஏன்..."

"என்னைப் பாருன்னு சொன்னேன்ல!"

மணி ஆறு நான்கு.

கிறீச்ச்ச்... டமார்!

இரும்பு நசுங்கியது. கண்ணாடி சிதறியது. அவர்களுடைய கார்தான். அவள் துள்ளி எழப் போனாள்.

"அசையாதீங்க அக்கா" என்றாள் சிறுமி. "வலிக்குது."

ஒன்பது நிமிடம்.

அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு பதின்மூன்று. டார்ச் வெளிச்சம். தடுப்பருகே ரோந்துக்காரர். வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தது. அப்புறம் கீழே போனது. அங்கேயே நின்றது.

"அம்மா..." என்றார் அவர். "என் முகத்தை மட்டும் பாருங்க. கீழ பாக்காதீங்க. அவரைப் பிடிச்சுட்டு நடந்து வாங்க."

ஒன்று. இரண்டு. மூன்று...

எட்டு.

ஒன்பது.

பத்து.

ரோந்துக்காரர் இருவரையும் அள்ளி இந்தப் பக்கம் போட்டார்.

"அவங்களையும் கூப்பிடுங்க" என்றாள் அவள்.

"எவங்களம்மா?"

திரும்பினாள். யாரும் இல்லை.

ஏழு மணிக்குப் பனி விலகியது. பாபின் அக்கா ரோந்து வண்டியிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தாள். கார் அப்பளமாய்க் கிடந்தது. பின் சீட்டே இல்லை. லாரி டிரைவர் தலையில் கட்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தடுப்பை எட்டிப் பார்த்தாள்.

அது பாலம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் சிமெண்ட். அதற்கப்புறம் எதுவுமே இல்லை. கீழே, வெகு கீழே, வறண்ட ஆறு. பாறைகள்.

ரோந்துக்காரர் அவளைப் பின்னுக்கு இழுத்தார்.

"மூணு மாசம் முன்னாடி இதே இடம்மா. இதே மாதிரி பனி. கார் நின்னுபோச்சு. கார்ல இருக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க. தடுப்பைத் தாண்டினாங்க. தரைன்னு நினைச்சு..." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாலு பேரு."

அன்று மாலை, அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வார்டில் அவள் அதைக் கணவரிடம் சொன்னாள். நான்கு பேரும் தங்களைத் தாங்கிப் பிடித்ததைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "ஒரு நொடி பனி விலகுச்சு. கீழ பாத்தேன். சொல்லியிருந்தா நீ பயத்துல விழுந்திருப்ப."

"என்னங்க பாத்தீங்க?"

"நாலு பேருன்னு எவன் சொன்னான்?" அவர் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ஆத்துலேருந்து நம்ம காலடி வரைக்கும்... ஒருத்தர் தோள் மேல ஒருத்தர்... அடுக்கடுக்கா நின்னாங்க."

"எத்தனை பேருங்க?"

"எண்ண முடியல."