புபா திறந்த சாக்லேட் பெட்டி

கிகிண்டா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் லியூபிங்காவுக்குச் சம்பளம் வருவதுதான் தெரியும், போவது தெரியாது. வீட்டில் மூன்று எலிகள். சாக்கடை எலி என்று நினைத்துவிடாதீர்கள்! தோளில் ஏறிக் காதோரம் மோந்து பார்க்கும் வளர்ப்பு எலிகள். ஒன்றுக்கு இருமல் நின்றால் இன்னொன்றுக்குக் கட்டி வரும். புருஷன் விட்டுப் போன பிறகு அவளுக்கு வீடு என்றால் இந்த மூன்றும்தான். பூட்ஸ் வாங்க வைத்திருந்த பணம் போன மாதம் ஒரு கட்டியை அறுக்கப் போயிற்று. ஊரே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இந்த மாதம் மூன்றில் ஒருத்தியான புபாவின் முறை. நெஞ்சு கறகறவென்றது. இரண்டு நாளாய் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. சாப்பாட்டை விட்ட எலி அதிகம் தாங்காது என்று லியூபிங்காவுக்குத் தெரியும். கையில் எண்ணூறு தினார் இருந்தது. மிருக டாக்டருக்கோ அதைப்போல மூன்று மடங்கு வேண்டும்.

"எலிக்கு வைத்தியமாடி? அந்தக் காசுக்கு நாலு எலிப்பொறி வாங்கலாமே," என்றாள் எதிர்வீட்டு ரூஷா.

"வாங்கு. முதல்ல உன் வாய்க்கு ஒண்ணு வை."

லியூபிங்காவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் ரூஷா இறங்கி வந்தாள். "சரி சரி, அழாத. வெறுங்கையோட மட்டும் போகாத. நான் குடுத்த சாக்லேட் பெட்டி இருக்குல்ல? அதை டாக்டர்கிட்ட குடுத்துட்டு, சம்பளம் வந்ததும் தர்றேன்னு சொல்லு."

எங்கள் ஊரில் சாக்லேட் பெட்டியை யாரும் தின்பதில்லை. ஒரு விருந்துக்கு வரும், அலமாரியில் உட்காரும், அடுத்த விருந்துக்குக் கிளம்பிவிடும். அந்தச் சிவப்புப் பெட்டி ரூஷாவுக்கு எங்கிருந்து வந்தது என்று லியூபிங்கா கேட்டதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை.

வெளியே பல் கிட்டும் குளிர். புபாவைக் கம்பளித் துண்டில் சுற்றி, பெட்டி இருந்த பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

டாக்டர் ஸ்வெதோசார் பேர்போன சிடுமூஞ்சி. "ம்?" என்றார்.

"சின்ன அன்பளிப்பு, டாக்டர்." இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினாள். அதன் மூலையில் ஒரு ஓட்டை! உள்ளே கறுக்முறுக். பைக்குள் கையை விட்டாள், துண்டு காலியாக இருந்தது.

டாக்டர் மூடியைத் தூக்கினார். சாக்லேட்டை இரண்டு கையால் பிடித்தபடி புபா உட்கார்ந்திருந்தாள், மீசையெல்லாம் சாக்லேட்.

லியூபிங்காவுக்கு மானமே போயிற்று. ஆனால் அடுத்த கணமே துள்ளிக் குதித்தாள். "சாப்பிடுறா டாக்டர்! ஐயோ, என் தங்கம் சாப்பிடுறா!"

டாக்டர் எலியைப் பார்க்கவில்லை. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது வரை சிவந்தார்.

"இந்தக் காப்பிக் கறை நான் வச்சது," என்றார். "நாலு வருஷம் முன்னாடி என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்னவனுக்குக் குடுத்தேன். எனக்கே அது யாரோ குடுத்ததுதான்!"

பிறகு சிரித்தார் பாருங்கள், மேஜையைப் பிடித்துக்கொண்டு! வெளியே காத்திருந்த நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புபாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "சளிதான். சொட்டுக்கணக்குல மருந்து போதும். ஒரு நாய்க்காகத் திறந்த பாட்டில்ல மிச்சம் இருக்கு."

"டாக்டர், பணம் வந்து..."

"விலைப்பட்டியல்ல எலியே இல்லம்மா. கோழி இருக்கு. கோழிக்கு எழுநூறு."

லியூபிங்கா எழுநூறை எண்ணி மேஜையில் வைத்தாள். திரும்பிப் போகப் பேருந்துக்கும் காசு மிஞ்சியது.

பெட்டியை அவளிடமே கொடுத்தார். "மருந்து கசக்கும். துளியூண்டு சாக்லேட்ல மறைச்சுக் குடுங்க. பழசுதான், ஆனா கெட்டுப்போகல."

சம்பளம் வந்த அன்று புபா திரைச்சீலையில் ஏறி அட்டகாசம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, புத்தம்புதுப் பெட்டி ஒன்றை வாங்கிப் போய் டாக்டரிடம் நீட்டினாள் லியூபிங்கா. நீட்டிவிட்டுக் கிளம்பினாள்.

"நில்லுங்கம்மா."

எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியத்தை அவர் செய்தார். ரிப்பனை அவள் கண்ணெதிரிலேயே அவிழ்த்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பெட்டியை அவள் பக்கம் நீட்டினார்.

"இது இன்னொரு வீட்டுக்குப் போகாது. எடுங்க."

அவள் எடுப்பதற்குள் கோட்டுக் கழுத்திலிருந்து புபா தலையை நீட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டாள்.