அக்கா என்று கூப்பிட்ட பறவை

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு இரண்டாவது மருமகளாகப் போனேன். மூத்த மருமகள் என்னைவிட ஒரு வயது சின்னவள். இருந்தாலும் என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி ஆயிற்றே! நான்தான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும், 'ங்க' போட்டுப் பேச வேண்டும். முதல் 'அக்கா'விலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

போதாததற்கு அவளுக்குக் கண் கூர்மை என்று பேர். எங்கள் வேம்புக்கு இரண்டு பறவைகள் வரும். ஒன்று கோழிக்குஞ்சைத் தூக்கும் வல்லூறு. இன்னொன்று கம்பளிப்பூச்சி தின்னும் அக்காக்குயில். இரண்டுக்கும் ஒரே மாதிரி சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால். குயில் கத்தினால் யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் வெயில் காலம் வரும்வரை அது வாயே திறக்காது. அதனால் மரத்தில் ஏதாவது வந்து உட்கார்ந்தால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் வல்லூறு என்றால் குஞ்சுகளைக் கொடாப்புக் கூடை கவிழ்த்து மூடுவார்கள். என் தாய்வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த கோழியின் குஞ்சுகள்! அவற்றுக்கும் அவள்தான் காவல்.

"நங்கையாளக் கேளு, அவீங்களுக்குத்தான் தெரியும்" என்று என் வீட்டுக்காரர் தன் அண்ணியைப் புகழும்போதெல்லாம் என் கையிலிருக்கும் பாத்திரம் தானாகச் சத்தம் போடும்.

என் குஞ்சுகளையாவது என் பொறுப்பில் வாங்கிவிட வேண்டும் என்று, சாணி அள்ளும் சாக்கில் வேம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வல்லூறு நெட்டைக் காலில் நிமிர்ந்து நிற்கும். குயிலுக்குக் காலே தெரியாது, வயிறு கிளையில் படிந்திருக்கும். இது போதும் எனக்கு.

ஒரு பங்குனிக் காலையில், "வல்லூறுங்க அத்தை, குஞ்சுகள மூடுங்க!" என்று அவள் கத்தினாள். நிமிர்ந்து பார்த்தேன். கால் தெரியவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"இல்லீங்க அக்கா, அது குயிலுங்க" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

மாமியார் கொடாப்பும் கையுமாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பறவையும் எனக்குச் சாட்சி சொல்ல வந்ததுபோல், அந்த வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தது. "அக்காக்கா! அக்காக்கா!"

ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினேன். மாமியார் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, உன்னயத்தான் கூப்புடுது. போயி என்னன்னு கேளு!" என்றார் அவளிடம். என் வீட்டுக்காரரும் சிரித்தார். சரியாகச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொடாப்பு மறுபடியும் அவள் கைக்கே போயிற்று.

வெயில் ஏற ஏறக் குயிலும் குரலை ஏற்றிக்கொண்டே போனது. அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வேறு வழியில்லாமல் நானும் கூப்பிட்டேன்.

"அக்கா, களி ஆறுதுங்க. வாங்க."